குப்பை மக்க எத்தனை ஆண்டுகள்: பட்டியல் எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

கேள்வி இதுதான்: "மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக எந்தக் குப்பை மக்க எவ்வளவு காலம் ஆகும் என்று தேடினேன். பாலிதீன் பைக்கு ஒரு பட்டியலில் 20 ஆண்டுகள், இன்னொன்றில் 500, வேறொன்றில் 1000. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 450. கண்ணாடிக்குப் பத்து லட்சம் ஆண்டுகள். இவற்றில் எதை எழுதச் சொல்வது?"

எதையும் அப்படியே எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். பாலிதீனின் முழுப் பெயரான பாலிஎத்திலீன் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே 1933-இல். இன்று நாம் பிடித்துத் தூக்கிவரும் கைப்பிடி வைத்த பைக்குக் காப்புரிமை கிடைத்தது 1965-இல். பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, குளிர்பானம் அடைக்கும் பாட்டிலுக்கு 1973-இல். ஆக, உலகத்தின் மிக மூத்த பெட் பாட்டிலுக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான். அது 450-ஆவது வயதில் மக்கும் என்பதை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

யாரும் பார்க்கவில்லை. இத்தகைய எண்கள் நீட்டல் கணக்கில் பிறப்பவை. ஸ்வீடன் வேதியியலாளர் ஆன்-கிறிஸ்டின் ஆல்பெர்ட்சன், கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட பாலிஎத்திலீனை மண்ணில் வைத்துப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார். அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிய பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. பத்து ஆண்டில் அரை சதவீதம் என்றால் முழுதும் போக இரண்டாயிரம் ஆண்டுகள் என்று நாமே பெருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் பெருக்கல் சரியாக இருப்பதாலேயே விடை சரியாகிவிடாது. அந்தப் பத்து ஆண்டில் போனது, எளிதில் கழன்றுவரக்கூடிய சின்னச் சின்ன மூலக்கூறுகளாக இருக்கலாம். மிச்சம் இன்னும் மெதுவாகப் போகும். அல்லது அதே பை வெயிலில் கிடந்திருந்தால் பல மடங்கு வேகமாக நொறுங்கியிருக்கும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் காலின் வார்டும் கிறிஸ்டோபர் ரெட்டியும் இப்படிப்பட்ட விளக்கப்படங்களைத் திரட்டி, எண்களுக்கு மூலம் தேடினார்கள். 2020-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சொன்னது: ஒரே பொருளுக்கு ஓராண்டிலிருந்து 'என்றென்றும்' வரை எண்கள் திரிகின்றன, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுத, எண்ணுக்குத் தானாகவே ஓர் அதிகாரம் வந்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போடுகின்றன. தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. பழத்தோல் மக்கும், நீர் தேங்கிய இடத்தில் அழுகும், மரம் உளுத்துப்போகும், பழைய துணி இற்றுப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், செம்பில் களிம்பு ஏறும். இவை அலங்காரத்துக்கு வைத்த மாற்றுச் சொற்கள் அல்ல, தனித்தனி நிகழ்வுகள். உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: பொருளின் பெயருக்கு எதிரே ஆண்டைப் போடுவதற்கு முன், சரியான வினைச்சொல்லைப் போடச் சொல்லுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

மக்குவது என்றால் உயிர்கள் தின்பது. வாழைப்பழத் தோலை மண்ணில் போட்டால் முதலில் பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்கின்றன. பிறகு பூஞ்சைகள் தாவர நாரான செல்லுலோஸில் கைவைக்கின்றன. அவற்றுக்கு வாயில்லை. நொதிகளை வெளியே சுரந்து, பெரிய மூலக்கூறுகளை வெளியிலேயே நறுக்கி, துண்டுகளை உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன. இதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், கொஞ்சம் நைட்ரஜனும் வேண்டும். உரக்குவியல் போடுகிறவர்கள் கார்பன் இருபத்தைந்து முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்று கணக்கு வைப்பார்கள்: காய்ந்த இலையும் அட்டையும் கார்பன் பக்கம், காய்கறிக் கழிவும் சாணமும் நைட்ரஜன் பக்கம். ஈரத்துக்கு என் அளவுகோல் கைதான். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. நன்றாக அமைந்த பெரிய குவியலின் நடுப்பகுதி 60 பாகை செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டில் வாழைப்பழத் தோல் சில வாரங்களில் அடையாளமே தெரியாமல் போகும். அதே தோலை வறண்ட நிலத்தில் வெயிலில் எறிந்துவிட்டால் கறுத்து, சுருங்கி, தோல் பட்டை போல மாதக்கணக்கில் கிடக்கும். பொருள் ஒன்றே, இடம்தான் வேறு.

ஆரஞ்சுத் தோல் இன்னும் சுவையான விஷயம். அதிலுள்ள லிமோனீன் எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. அந்தத் தோல் தனக்குத்தானே காவல் வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பட்டியல்கள் அதற்கு ஆறு மாதம் என்று கொடுப்பது அவ்வளவு தப்பில்லை. ஆனால் அளவும் சூழலும் கூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கோஸ்டாரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதியின் யோசனைப்படி, 1990-களின் பிற்பகுதியில் ஒரு பழச்சாறு நிறுவனம் ஏறக்குறைய ஆயிரம் லாரி ஆரஞ்சுக் கழிவை, சுமார் 12,000 டன், மேய்ச்சலால் கெட்டுப்போன நிலத்தில் கொட்டியது. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டதால் திட்டம் பாதியில் நின்றது. கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்துப் போன ஆய்வாளர்களுக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்ததாம். காடாகியிருந்தது. பக்கத்தில் தோல் கொட்டாத நிலத்தோடு ஒப்பிட்டால் மரங்களின் நிறை 176 சதவீதம் கூடுதல். இதை 2017-இல் வெளியிட்டார்கள். ஆரஞ்சுத் தோல் எத்தனை மாதத்தில் மக்கும் என்ற கேள்வியைவிட, மக்கி என்ன ஆகும் என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரியவைத்த செய்தி இது.

இனி எதிர்ப்பக்கம். மக்க வேண்டியவை மக்காமல் போகும் இடங்கள் உண்டு. அவற்றில் முதலிடம், வேடிக்கையாக, குப்பைக் கிடங்குக்குத்தான். அரிசோனா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973-இல் வீட்டுக் குப்பையைப் பிரித்து ஆராயத் தொடங்கினார். 1980-களின் பிற்பகுதியிலிருந்து, பழங்கால நகரங்களைத் தோண்டுவது போலவே மூடப்பட்ட குப்பைக் கிடங்குகளைத் துளைபோட்டுத் தோண்டினார். உள்ளே பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் வாசிக்கும் நிலையில் இருந்தன. எந்த அடுக்கு எந்த ஆண்டுக் குப்பை என்பதை அந்தத் தாள்களின் தேதியைப் பார்த்தே குறித்துக்கொண்டார்கள். இறைச்சித் துண்டுகள்கூட அடையாளம் தெரியும்படி கிடைத்தன. காரணம் எளிது. கிடங்கில் குப்பையை இயந்திரத்தால் அழுத்தி, மண் போட்டு மூடிவிடுகிறார்கள். காற்று புகாது, ஈரமும் பல இடங்களில் போதாது. நாம் மக்கப் போட்டோம் என்று நினைக்கிறோம்; நடப்பது ஏறக்குறையப் பதம் செய்து பாதுகாப்பது.

மக்கும் பாதியும் அங்கே நன்றாக மக்குவதில்லை. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிரிகள் மீத்தேனை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு. அழுகுவதற்கும் மக்குவதற்கும் நம் மூக்கு கண்டுபிடிக்கும் வேறுபாடு இதுதான்: காற்றோட்டமுள்ள உரக்குவியல் மழை பெய்த மண்ணைப் போல மணக்கும், காற்றில்லாதது நாறும். மீத்தேனுக்கு மணமே கிடையாது; உடன் வரும் கந்தகச் சேர்மங்களும் புளித்த அமிலங்களும்தான் அந்த நாற்றம்.

இடத்தின் வல்லமைக்கு எனக்குப் பிடித்த சான்று ஆழ்கடலிலிருந்து வந்தது. 1968 அக்டோபரில் 'ஆல்வின்' என்ற ஆய்வு நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்து, அது சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் போய்ப் படுத்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள், மதிய உணவு உள்ளேயே நின்றுவிட்டது. பத்து மாதத்துக்குப் பிறகு மேலே எடுத்தபோது சாண்ட்விச்சும் ஆப்பிள்களும் உப்புநீரில் ஊறியிருந்தன, ஆனால் கெட்டுப்போகவில்லை. மேலே கொண்டுவந்து, ஆழ்கடலின் அதே 3 பாகைக் குளிரில், குளிர்பதனப் பெட்டியில் வைத்ததும் சில வாரங்களிலேயே கெட்டன. ஆகவே குளிர் மட்டும் காரணமில்லை. ரொட்டி மக்க எத்தனை நாள் என்று கேட்டால், 'எங்கே' என்று திருப்பிக் கேட்காமல் இனி என்னால் பதில் சொல்ல முடியாது.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். காற்றில்லாத இடத்தில் அதை நுண்ணுயிரிகளால் ஏறக்குறையத் தொடவே முடியாது. எழுதும் வெள்ளைத் தாளில் லிக்னினை வேதிமுறையில் அகற்றிவிடுகிறார்கள். அதனால்தான் கிடங்கில் செய்தித்தாள் நீடிக்கிறது, வெள்ளைத் தாள் விரைவில் போகிறது. ஈரமான உரக்குவியலில் கிழித்துப் போட்டால் இரண்டுமே சில மாதங்களில் முடிந்துவிடும். காகிதக் குவளை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. உள்பக்கம் பாலிஎத்திலீன் பூச்சு. உரத்தைச் சலிக்கும்போது குவளையின் ஆவி போல அந்த மெல்லிய படலம் மட்டும் வரும்.

பருத்தித் துணி, சணல், தேங்காய் நார், மரம், முட்டையோடு எல்லாம் இடத்தைப் பொறுத்து மாதங்களிலிருந்து ஆண்டுகள் வரை. முட்டையோடு பார்வைக்கு மெல்லியது என்றாலும் கால்சியம் கார்பனேட். மக்குவதில்லை, அமிலத்தன்மையுள்ள மண்ணில் மெதுவாகக் கரைகிறது. பொடித்துப் போட்டால்தான் விரைவு.

இனி பிளாஸ்டிக். இங்கே பொருந்தும் சொல் 'இற்றுப்போதல்'. மொட்டை மாடியில் சில ஆண்டுகள் வெயிலில் கிடந்த வாளியின் விளிம்பைக் கையால் ஒடிக்க முடியும். சூரியனின் புறஊதாக் கதிர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்திருக்கிறது, யாரும் தின்னவில்லை. பாலிஎத்திலீனின் சங்கிலி முழுக்கக் கார்பனோடு கார்பன் கோத்தது. நொதிகள் பிடித்துக்கொள்ள அதில் கொக்கி இல்லை, நீரை ஒட்டவிடாது, செல்லுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவே முதலில் வெயில் உடைக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் பை சில ஆண்டுகளில் 'காணாமல் போய்விட்டது' என்று 20 ஆண்டுப் பட்டியல்காரர் எழுதுகிறார். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் பை அப்படியே இருக்கும் என்று 1000 ஆண்டுக்காரர் எழுதுகிறார். இருவரும் வெவ்வேறு நிகழ்வை அளக்கிறார்கள். அதிலும் முதலாமவர் சொல்வது கண்ணுக்கு மறைவதை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களை இன்று நுண்பிளாஸ்டிக் என்கிறோம். அந்தச் சொல்லை 2004-இல் பரவலாக்கியவர் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன்.

அதே தாம்சனும் இமோஜன் நாப்பரும் 2019-இல் வெளியிட்ட சோதனையைச் செயல்திட்டத்தில் கட்டாயம் சேருங்கள். இதில் எண்களைத் தாராளமாக எழுதலாம், ஏனென்றால் உண்மையிலேயே பார்த்து எழுதியவை. சாதாரணப் பை, 'உயிர்ச்சிதைவு அடையும்' என்று விற்கும் பை, உரமாகும் பை முதலியவற்றைக் காற்றிலும் மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் வைத்தார்கள். திறந்த வெளியில் வைத்தவை எல்லாம் ஒன்பது மாதத்துக்குள் துண்டுதுண்டாகிவிட்டன. உரமாகும் பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணில் 27 மாதத்துக்குப் பிறகும் இருந்தது, ஆனால் பொருளைத் தூக்கினால் கிழிந்தது. உயிர்ச்சிதைவு என்று பெயர் எழுதிய பையோ, மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும், கடைச் சாமான்களைச் சுமக்கும் திடத்தோடு இருந்தது. பையின் மேல் அச்சடித்த வாசகத்தை நம்பி எங்கும் எறிந்துவிடலாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

நானும் இந்த ஏமாற்றத்துக்கு ஆளானவன்தான். 'உரமாகும்' என்று எழுதியிருந்த கரண்டிகளை நம்பி என் உரக்குழியில் போட்டேன். இரண்டு ஆண்டு கழித்துச் சலித்தபோது கழுவிவைத்தது போல வந்தன. தப்பு கரண்டியுடையதல்ல, என்னுடையது. அவை பாலிலாக்டிக் அமிலம் என்ற, சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக். ஏறக்குறைய 60 பாகையில்தான் அதன் சங்கிலி இளகி, நீர் உள்ளே புகுந்து அறுக்கத் தொடங்கும். ஐரோப்பாவின் தரநிர்ணயம் இஎன் 13432, தொழில்முறை உரக்கூடச் சூழலில் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும் என்கிறது. பன்னிரண்டு வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. என் குழி வீட்டுக்குழி. அந்தச் சூடு அதற்கு ஒருநாளும் வந்ததில்லை.

தெர்மாகோலுக்குப் பட்டியல்களில் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருக்கும். 2019-இல் காலின் வார்டின் குழுவினர், சூரிய ஒளி தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைந்த கரிமப் பொருளாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது என்று காட்டினார்கள். ஆயிரமாயிரம் ஆண்டு என்றிருந்த கணக்கு, வெயில் படும் இடத்தில் பத்தாண்டுகள் அல்லது நூற்றாண்டுகள் என்ற அளவுக்கு இறங்கியது. கிடங்கின் அடியில் வெயில் ஏது என்று நீங்கள் கேட்டால், அது சரியான கேள்வி.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா பற்றி மகள் நிச்சயம் கேட்பாள். உண்மைதான்: ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நிலையத்தின் அருகே எடுத்த மாதிரியில் கிடைத்தது, ஊரின் பெயரையே சேர்த்து 'இடியோனெல்லா சக்காயென்சிஸ்' என்று பெயரிட்டு 2016-இல் அறிவித்தார்கள். அது 30 பாகையில் மெல்லிய பெட் படலத்தை ஆறு வாரத்தில் சிதைத்தது. மெல்லிய, ஒழுங்கற்ற அமைப்புள்ள படலத்தை. பாட்டிலின் இறுகிய பிளாஸ்டிக் அதற்கு எளிதில் மசியாது. பெட்டில் நொதி பிடிக்கக்கூடிய எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. பாலிதீனில் அதுவும் இல்லை.

பல பொருள்கள் கலந்தவைதான் பட்டியல்களை முட்டாளாக்குகின்றன. டயப்பருக்கு ஒற்றை எண் எப்படிச் சொல்வது? உள்ளே மரக்கூழ், நடுவே நீர் உறிஞ்சும் பாலிமர் மணிகள், வெளியே பாலிப்ரொப்பிலீன் துணியும் பாலிஎத்திலீன் தாளும். கூழ் மக்கும், உறை இருக்கும். சிகரெட்டின் அடித்துண்டு பஞ்சு போலத் தெரியும். அது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் இழை. செல்லுலோஸ் என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஆய்வு ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதன் நிறை பாதிகூடக் குறையவில்லை. உடன், வடிகட்டிய நிகோட்டினையும் நீரில் விட்டுக்கொண்டிருக்கும்.

கண்ணாடிக்குப் பத்து லட்சம் ஆண்டு என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். கண்ணாடி மக்குவதே இல்லை. மணலோடு உறவுடையது மணலாகத் தேயும், அவ்வளவுதான். ரோமானியர் காலத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்து மேல்தோல் மட்டும் வானவில் போல உரிந்து வந்திருக்கின்றன. இரும்பு டப்பா துருப்பிடிக்கும். ஈரமும் உப்பும் இருந்தால் விரைவில், வறண்ட இடத்தில் மிக மெதுவாக. அலுமினியம் தன் மேல் ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்கிறது, அதனால் நீடிக்கும். அலுமினிய டப்பாவின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்பதைப் பலர் அறியார்கள். அலுமினியத்துக்கு ஆண்டுக் கணக்கைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு: பழையதை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

செயல்திட்டத்துக்கு வருவோம். பட்டியலை ஒட்டுவதற்குப் பதில் மகளைப் புதைக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2013-இல் அறிமுகமான தேயிலைப் பைக் குறியீடு என்ற முறையில், பச்சைத் தேயிலைப் பையையும் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீர்ப் பையையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, 90 நாள் கழித்து எடுத்து எடை போடுகிறார்கள். பச்சைத் தேயிலை விரைவில் மக்கும், ரூய்போஸ் மெதுவாக. இரண்டின் எடை இழப்பிலிருந்து அந்த மண்ணின் மக்கும் வேகம் தெரியும். இந்த முறை நடப்பதற்குக் காரணமே பையின் வலை செயற்கை இழை என்பதுதான். பை மக்கினால் எடை போட எதுவும் மிஞ்சாது. வட அமெரிக்க விவசாயிகள் இதையே கேலியும் சேர்த்துச் செய்கிறார்கள்: புதிய பருத்தி உள்ளாடையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவார்கள். உயிருள்ள மண்ணாக இருந்தால் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் வரும்.

வீட்டில் இரண்டு தொட்டி போதும். ஒன்றில் ஈரமான தோட்ட மண், இன்னொன்றில் காய்ந்த மணல். ஒரே பழைய பருத்திச் சட்டையிலிருந்து தையலோடு கூடிய இரண்டு துண்டுகள், செய்தித்தாள், வெள்ளைத் தாள், காகிதக் குவளையின் ஒரு பகுதி, பாலிதீன் துண்டு ஆகியவற்றை ஒரே அளவில் வெட்டி, வலைத்துணியில் சுற்றி இரண்டிலும் புதைக்கட்டும். புதைக்கும் முன் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் படம் எடுக்க வேண்டும். மண் தொட்டிக்கு மட்டும் வாரம் இருமுறை நீர். முப்பதாவது நாள் ஒருமுறை, அறுபதாவது நாள் ஒருமுறை திறந்து, அழுகியதா, மக்கியதா, இற்றதா என்று அவளே சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதட்டும். மண் தொட்டியின் சட்டைத் துண்டை எடுக்கும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள். பருத்தி போயிருக்கும்; தைத்த பாலியஸ்டர் நூல் மட்டும் தையல் ஓடிய வழியிலேயே, துணியில்லாமல், கோடாகக் கிடக்கும்.